முன்னறிவித்தலும் அணுவிரதமும்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் வாய்மையும் கள்ளாமையும் பணியிடத்தில் நாள்தோறும் சோதிக்கப்படுவன. மருத்துவரைக் காணப் பணியிடையே ஒரு மணி நேரம் சொல்லாமற் சென்று திரும்பினால் குற்றமென்ன என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர்.

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், தமக்குக் கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதைக் களவென வரையறுக்கிறது. ஊதியம் பெறும் நேரம் நம்முடையதன்று. கேட்டுப் பெற்றால் அது கொடுக்கப்பட்டது. கேளாது கொண்டால் கொடுக்கப்படாதது. ஒரு மணி நேரந்தானே என்பது விடையாகாது.

அதே அத்தியாயம் வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. பொய்யான எழுத்தை உண்டாக்கும் கூடலேகக் கிரியை அவற்றுள் ஒன்று. முன்னரே சொல்லாதவர் பெரும்பாலும் இதில்தான் வீழ்கின்றார். பல் மருத்துவரிடம் சென்றவர் மறுநாள் காய்ச்சலென்று சான்றிதழ் தேடுகிறார். திருமணத்திற்குச் சென்ற பிள்ளைக்கு வயிற்றுவலி என எழுதிய விடுப்புக் கடிதத்தில் பெற்றோர் கையொப்பமிடுகின்றனரே, இப்பழக்கத்தின் வித்து அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் குடும்பங்கள் எண்ண வேண்டியது மற்றொன்றும் உண்டு. அலுவலகத்தில் கேட்கத் தயங்கி, வீட்டு முதியோரைக் கண் மருத்துவரிடம் காட்ட மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்குகிறோம். இரவுண்ணா நோன்புடைய அவர், கதிரவன் மறையுமுன் வீடு திரும்ப இயலாது பசியோடு உறங்குகிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவராயின் இது பேராபத்தும் ஆகலாம். நம் தயக்கத்திற்கு அவர் பட்டினி கிடப்பது எவ்வகை அகிம்சை?

ஆதலின் பகலில் நேரம் வாங்குக. வாங்கிய அன்றே மேலாளருக்கு எழுதுக. நாள், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், இடையில் நம் பணியைக் கவனிப்பவர் யார் என்பன போதும். நோயின் பெயரைக் குறிப்பிட வேண்டுவதில்லை. 'மருத்துவரைக் காண' என்பது மெய்யே. சொல்லாது விடுதல் வேறு, பொய்த்தல் வேறு. ஒரு மணி நேர அனுமதி கிடைக்காவிடில் அரைநாள் விடுப்புக் கேட்கலாம்.

திடீர் நோய்க்கு இவ்விதி பொருந்தாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், ஊதியத்துடன் கூடிய விடுப்பிற்கு 15 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என விதித்தபோதே, நோயுற்றவருக்கு அக்கெடுவிலிருந்து விலக்களித்தது. அத்தகையவர் இயன்றவுடன் ஒரு தொலைபேசிச் செய்தி சொன்னாற் போதும்.

உடன் பணிபுரிவோர்க்கும் ஒரு கடமையுண்டு. ஒருவரது முகக்குறிப்பு முதலியவற்றால் அவர் மறைத்ததை ஊகித்துப் பிறர்க்கு வெளியிடுதல் சாகார மந்திர பேதம். அதுவும் அவ்வைந்து அதிசாரங்களுள் ஒன்றே.