வகுப்பைப் பேச வைக்கும் கம்ப்யூட்டர்

கல்லூரி ஆசிரியர்கள் புதிதாக லேப்டாப் வாங்கியவுடன் கற்றுக்கொள்ள விரும்பும் முதல் புரோகிராம் பவர்பாயிண்ட்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் நடத்தும் கம்ப்யூட்டர் பயிற்சிகளில், "பாடம் முழுவதையும் ஸ்லைடுகளாக மாற்றுவது எப்படி?" என்ற கேள்வி தவறாமல் வரும். மாற்றுவது எளிது. ஆனால் அதனால் மாணவருக்கு என்ன பயன் என்று முதலில் பார்க்க வேண்டும். முன்பு கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். இப்போது திரையில் இருப்பதை மொபைல் போனில் படம் எடுக்கிறார்கள். இரண்டிலும் மாணவரின் மூளைக்கு வேலை இல்லை.

கம்ப்யூட்டரைப் பாடம் காட்டும் கருவியாகப் பயன்படுத்துவதை விட, கேள்வி கேட்கும் கருவியாகப் பயன்படுத்தினால் பலன் அதிகம். அதற்கான எளிய வழிகளை இங்கு பார்க்கலாம். விலை கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேர் எதுவும் தேவை இல்லை. பவர்பாயிண்ட், எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள இம்ப்ரெஸ், கால்க் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். நீங்கள் ஆசிரியர் இல்லை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்றால், கட்டுரையின் கடைசிப் பகுதி உங்கள் வீட்டுக்கானது.

ஏன் இந்த மாற்றம் தேவை?

புவனகிரி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு வரும் இவர்கள் திடீரென ஆங்கிலக் கலைச்சொற்களைச் சந்திக்கிறார்கள். "புரிகிறதா?" என்று ஆசிரியர் கேட்டால் தலையாட்டுவார்கள். புரியவில்லை என்று எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சம். செமஸ்டர் ரிசல்ட் வரும்போதுதான் உண்மை தெரிகிறது. ஒரு அரியர் மூன்றாகி, மூன்று ஆறாகி, பட்டமும் வேலையும் தள்ளிப் போகின்றன. வகுப்பு நடக்கும்போதே புரியாமை வெளியே தெரிந்துவிட்டால் இதைத் தடுக்கலாம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஸ்காட் பிரீமன் குழுவினர் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்களையும் செயல்பட வைக்கும் வகுப்புகளில் அது 21.8 சதவீதம்.

நமக்குப் புதியது அல்ல

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்த பழக்கம். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களிடம் பாடம் கேட்பார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களையே ஆசிரியர்களாக்கிப் பாடம் நடத்தினார். அதைப் பற்றி 1797ல் லண்டனில் நூல் வெளியிட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

நம் காலத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ல் தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. தொடர்ந்து 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் மனவரைபடம், தொகுத்தல், குழு விவாதம் ஆகியவை வந்தன. சிறு வயதில் இப்படிப் பேசிப் படித்தவர்கள் கல்லூரிக்கு வந்ததும் மௌனமாகிவிடுவது நியாயமா?

வழி 1: கேள்வி, ஓட்டு, விவாதம், மீண்டும் ஓட்டு

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் பின்பற்றிய முறை இது. சூத்திரத்தைப் போட்டுக் கணக்கைச் சரியாகச் செய்யும் மாணவர்கள், அதே விஷயத்தைப் பேச்சு வழக்கில் கேட்டால் தடுமாறுவதை அவர் கவனித்தார். அதனால் வகுப்பின் நடுவே கேள்வி கேட்டு, மாணவர்களையே ஒருவரோடு ஒருவர் வாதிட வைத்தார். நம் ஊருக்கு ஏற்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பஸ் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?
அ) 40 கி.மீ.
ஆ) 45 கி.மீ.
இ) 50 கி.மீ.
ஈ) தூரம் தெரியாமல் சொல்ல முடியாது

இதனை வகுப்பில் பயன்படுத்தும் முறை:

1. பவர்பாயிண்ட் அல்லது இம்ப்ரெஸ் திறந்து, கண்ட்ரோல் மற்றும் எம் கீகளை ஒன்றாக அழுத்துங்கள். புதிய ஸ்லைடு கிடைக்கும். கேள்வியையும் நான்கு விடைகளையும் மட்டும் டைப் செய்யுங்கள். எழுத்து கடைசி பெஞ்சுக்கும் தெரியும் அளவில் பெரிதாக இருக்கட்டும்.

2. எப்5 கீயை அழுத்தி ஸ்லைடைக் காட்டுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுத வேண்டும். கூச்சப்படும் மாணவருக்கு இந்த ஒரு நிமிடம் மிக முக்கியம். எழுதி வைத்த விடை இருந்தால் பேசத் தயக்கம் குறையும்.

3. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டுப் போட வேண்டும். அ என்றால் ஒரு விரல், ஆ என்றால் இரண்டு விரல் என்று நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

4. சரியான விடை எது என்று இப்போது சொல்லிவிடாதீர்கள். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் விவாதத்துக்கு அதுவே ஏற்ற நிலை. அதற்கும் குறைவு என்றால் பாடத்தை மீண்டும் விளக்குங்கள். அதற்கு மேல் என்றால் சுருக்கமாக விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

5. "வேறு விடை சொன்ன ஒருவரைப் பக்கத்தில் பிடியுங்கள். உங்கள் விடைதான் சரி என்று அவரை நம்ப வையுங்கள்" என்று சொல்லி, கீபோர்டில் பி கீயைத் தட்டுங்கள். திரை கறுப்பாகிவிடும். பார்க்கத் திரையில் எதுவும் இல்லாததால் மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மீண்டும் பி தட்டினால் ஸ்லைடு திரும்ப வரும்.

6. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் ஓட்டு. அதன் பிறகே விடையைச் சொல்லுங்கள்.

விவாதம் தமிழில் நடக்கட்டும். தடுக்க வேண்டாம். முடிவைச் சொல்லும்போது மட்டும் பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல் பொருளோடு மனதில் பதியும்.

மற்ற பாடங்களுக்கும் இது பொருந்தும். வணிகவியலில், "ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் குறைத்து, பிறகு 20 சதவீதம் ஏற்றினால் பழைய விலை வருமா?" என்று கேட்கலாம். 100 ரூபாய்ப் பொருள் 80 ஆகி, பிறகு 96ல் நிற்கும். வரலாற்றில் ஒரு நிகழ்வுக்கு மூன்று காரணங்களைக் கொடுத்து, எது முதன்மையானது என்று வாதிடச் சொல்லலாம்.

வழி 2: ஸ்பிரெட்ஷீட்டில் சோதனை

பஸ் கேள்விக்குப் பலரும் 45 என்பார்கள். விடை 40. இதை நீங்கள் சொல்வதை விட மாணவரே கண்டுபிடிக்கட்டும். எக்செல் அல்லது கால்க் திறந்து கீழ்க்கண்டவாறு அமையுங்கள். செல்களின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

பி1 செல்லில் தூரம்: 45
பி2 செல்லில் போகும் வேகம்: 30
பி3 செல்லில் திரும்பும் வேகம்: 60
பி4 செல்லில் மொத்த நேரம்: சம அடையாளம் இட்டு, பி1 வகுத்தல் பி2, கூட்டல், பி1 வகுத்தல் பி3
பி5 செல்லில் சராசரி வேகம்: சம அடையாளம் இட்டு, 2 பெருக்கல் பி1, வகுத்தல் பி4

வகுத்தலுக்குச் சாய்வுக் கோடும், பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியும் பயன்படுத்தவும். என்டர் தட்டினால் பி4ல் 2.25 மணி நேரமும் பி5ல் 40ம் கிடைக்கும்.

இப்போது ஒரு மாணவரை அழைத்து, தூரத்தை மாற்றச் சொல்லுங்கள். என்டர் தட்டும் முன் வகுப்பு விடையை ஊகிக்க வேண்டும். 45க்குப் பதில் 200 கொடுத்தாலும் பி5ல் 40 மாறாது. ஈ விடையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. 45 கி.மீ. போக ஒன்றரை மணி, திரும்ப முக்கால் மணி. மெதுவான வேகத்தில் பஸ் அதிக நேரம் ஓடுவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது என்பதை யாராவது ஒரு மாணவரே சொல்லிவிடுவார்.

வழி 3: ஒரு நிமிடத் தாள்

வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. இரண்டே கேள்விகள்: இன்று கற்ற முக்கியமான விஷயம் எது? எது இன்னும் புரியவில்லை? பெயர் எழுத வேண்டாம். எழுந்து நின்று கேட்கத் தயங்குபவர்களும் பெயர் இல்லாத சீட்டில் எழுதிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பிரெட்ஷீட்டில் ஏ வரிசையில் தலைப்பையும், பி வரிசையில் மாணவரின் சந்தேகத்தையும் டைப் செய்யுங்கள். இரு வரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து, ஏ வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே சந்தேகங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அதிகம் பேருக்கு உள்ள சந்தேகம் எதுவோ, அதுவே மறுநாள் முதல் ஸ்லைடின் கேள்வி.

வழி 4: கூகுள் பார்ம்ஸ்

எல்லோரிடமும் போனும் இன்டர்நெட்டும் இருக்கும் வகுப்பில், கூகுள் டிரைவில் நியூ பட்டனைக் கிளிக் செய்து கூகுள் பார்ம்ஸ் தேர்ந்தெடுங்கள். மல்டிபிள் சாய்ஸ் வகையில் கேள்வியை அமைத்து, பப்ளிஷ் செய்து, லிங்கை மாணவர்களுக்கு அனுப்புங்கள். ரெஸ்பான்சஸ் பகுதியில் ஓட்டுகள் வட்டப் படமாகத் தெரியும். இமெயில் முகவரி சேகரிக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். தவறான விடை யாருடையது என்று தெரியாதபோதுதான் ஓட்டு உண்மையாக இருக்கும். ஒரு மாணவரிடம் போன் இல்லை என்றாலும் விரல் ஓட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

மாணவர்கள் முணுமுணுத்தால்?

"சார் பாடமே நடத்துவதில்லை, கேள்விதான் கேட்கிறார்" என்ற புகார் வரலாம். ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் இருக்கிறது. தெளிவான விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். ஆனால் தேர்வில் அதிகம் கற்றிருந்தவர்கள், தாங்களே முயன்று விடை தேடியவர்கள்தான். முயற்சி கடினமாக இருப்பதால் கற்கவில்லை என்று தோன்றுகிறது. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஓட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் முதல் பெஞ்சின் விரல்களைப் பார்த்தே ஓட்டுப் போடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அசைன்மென்ட் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் வாதிடுவதை மாணவர் தானேதான் செய்தாக வேண்டும்.

வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே, அச்சிட்ட பாடங்களை வைத்து வீட்டில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். வாதிடப் பக்கத்தில் ஆள் இல்லாமல் படிப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு.

பாடத்தை ஒருமுறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நோட்பேட் திறந்து, நினைவில் உள்ளதை எல்லாம் ஐந்து நிமிடம் டைப் செய்யுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் லேங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ்பாரைத் தட்டி, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். நாளின் தேதியையே பைலுக்குப் பெயராகக் கொடுத்து சேவ் செய்யுங்கள்.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலை பெற்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

எல்லா வழிகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அடுத்த வாரம் ஒரு வகுப்பு, ஒரு கேள்வி, ஒரு முறை பி கீ. அது நன்றாக நடந்தால் துண்டுச் சீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று இரவே ஒரு நல்ல கேள்வியைத் தயாரித்து, அந்த ஒரே ஸ்லைடுடன் வகுப்புக்குச் செல்லுங்கள்.