கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்ற

டிவி கேப்சர் கார்டோடு வரும் மென்பொருளில் படம் மங்கலாகப் பதிகிறதா? இலவசமான ஓபிஎஸ் ஸ்டூடியோவுக்கு மாறுங்கள். தரத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம்.

1. எம்கேவி கோப்பாகவே பதியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் திறக்காமல் போகலாம்.

2. தாலி கட்டும் கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், வீடியோ சோர்ஸை ரைட் கிளிக் செய்து, டீஇன்டர்லேசிங்கில் 'யாடிஃப் 2எக்ஸ்' கொடுங்கள். வினாடிக்கு 50 ஃபிரேம் வையுங்கள். நம் பால் (PAL) முறை கேசட்டில் வினாடிக்கு 50 அரைப்படங்கள் இருக்கின்றன.

3. திரை அளவு 768×576 வைத்து, படத்தை இழுத்து நிரப்புங்கள். 720×576 என்றால் முகங்கள் ஒல்லியாகும்.

4. வேறு கேசட்டை ஓட்டிப் பத்து நிமிடம் பதிந்து, பேச்சும் உதடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஓட ஓடத் தேயும் கல்யாண கேசட்டை வைத்துச் சோதிக்காதீர்கள்.