சுருண்டு நிற்கும் கோழிக்குஞ்சைக் காப்பாற்றலாம்!

‘மனுஷனுக்கு வைத்தியம் சொல்ற பத்திரிகையில கோழிக்குஞ்சுக்கு என்ன வேலை டாக்டர்?’ என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடி வீடுகளில் ஆத்திர அவசரத்துக்குக் கைகொடுப்பது பெண்கள் வளர்க்கும் நாலு கோழிகள்தான். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய குஞ்சு ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அது ஒருநாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு நின்றால் என்ன செய்வீர்கள்?

மிளகையும் மஞ்சளையும் அரைத்து வாயில் திணிப்பவர்கள்தான் அதிகம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், மருந்து அப்புறம். முதலில் சூடு.

பிறந்த வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். வானாய்வகம் இருக்கும் காவலூரே கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே. மார்கழி ராத்திரியில் நமக்கே கம்பளி தேடும் மலை அது. தாய்க்கோழியின் இறக்கைக்குள் போக முடியாத நோஞ்சான் குஞ்சு விடியுமுன் விறைத்துவிடும். உடம்பு குளிர்ந்தால் அக்கினி மந்தம். கொடுத்த தீனி இரைப்பையிலேயே கிடக்கும்.

அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, ஒரு மூலையில் மட்டும் 40 வாட்ஸ் குண்டு பல்ப் தொங்கவிடுங்கள். பல்ப் அட்டையிலும் துணியிலும் படக்கூடாது. கரண்ட் இல்லையா? சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அடியிலேயே ஒண்டிக் கத்தினால் போதவில்லை.

உடம்பு வெதுவெதுப்பானதும் தண்ணீர். ஒரு டம்ளர் வெந்நீரை ஆறவைத்து, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரே ஒரு சிட்டிகை உப்பு. வாயைத் திறந்து ஊற்றிவிடாதீர்கள்! மூச்சுத் துவாரம் நாக்கின் அடியில்தான் இருக்கிறது. புரையேறி அங்கேயே முடிந்துவிடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், தானே விழுங்கும். ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள். பிய்க்காதீர்கள்.

இனி எச்சத்தைப் பாருங்கள். மூன்று வாரம் தாண்டிய குஞ்சு ரத்தமாகக் கழிந்தால், ஈரத் தரையில் பெருகும் ஒற்றைச் செல் கிருமியின் வேலை. இதற்குக் கால்நடை மருத்துவர் தரும் ஆம்ப்ரோலியம் நன்றாகக் கேட்கும். மூலிகை என்று நாள் கடத்துவது வீண்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சிரைத்து, கழுத்து முறுக்கினால் ராணிக்கெட் என்று சந்தேகப்படுங்கள். நம்மூர் வெள்ளைக்கழிச்சல்தான். 1920-களின் பிற்பகுதியில் இமயமலைப் பகுதி ராணிக்கெட்டில் கண்டதால் அந்தப் பெயர். அதே சமயத்தில் இங்கிலாந்தின் நியூகேஸிலிலும் தலைகாட்டியது. கீழாநெல்லி 50 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு, மஞ்சள்தூள் தலா 5 கிராம், சின்ன வெங்காயம், பூண்டு ஐந்தைந்து பல் அரைத்து, வளர்ந்த பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் மூலிகை முறை ஒன்று உண்டு. குஞ்சுக்கென்றால் நொய்யில் துளி பிசறி வையுங்கள், கொத்தினால் கொத்தட்டும். இது தெம்பு தரும். ஆனால் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து சித்தத்திலும் இல்லை, இங்கிலீஷ் வைத்தியத்திலும் இல்லை. காப்பது தடுப்பு மருந்துதான்: ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. நோயுற்ற குஞ்சுக்குப் போடக்கூடாது. நன்றாக இருப்பவற்றுக்குக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள்.

ராணிக்கெட் நம் கண்ணையும் சிவக்க வைக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம்; குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அறுக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-க்கு போன் போடுங்கள்.

தேறிய குஞ்சை மறுநாளே கூட்டத்தில் விட்டுவிட வேண்டாம். இரண்டு வாரம் தனியே இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணமும் தனி.