வணக்கத்தில் அடங்கிய மன்னிப்பு

இந்தி பேசும் சமணர்கள் ஒருவரையொருவர் காணும்போது கைகூப்பி, "ஜெய் ஜினேந்திரா" என்பர். ஜினர் என்றால் வென்றவர். அவர் வென்றது புறப்பகையை அன்று. கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை என்னும் அகப்பகை நான்கையுமே. அத்தகையோரின் தலைவருக்கு வெற்றி உண்டாகுக என்பதே இவ்வாழ்த்தின் பொருளாகும்.

சுவேதாம்பரப் பிரிவினர் ஆண்டுதோறும் 8 நாட்கள் பர்யுஷண விரதம் அனுட்டிப்பர். இறுதிநாளாகிய சம்வத்சரியில் "மிச்சாமி துக்கடம்" என்று கூறி மன்னிப்புக் கேட்பர். 'யான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும்' என்பது இப்பிராகிருத மொழித்தொடரின் கருத்து. பெரியோரும் இளையோரிடம் இவ்வாறு கேட்பர். திகம்பரர் தசலட்சண விரத நிறைவில் "உத்தம க்ஷமா" என்பர்.

கூப்பிய கரங்களுக்குள் பகை இருத்தலாகாது. உள்ளம் தெளிந்தபோதே வணக்கம் நிறைவுபெறுகின்றது.