மோதிரத்திற்கு விரல் அளவு எடுப்போம்



உங்கள் அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. மோதிரம் செய்யக் கொடுக்க வேண்டும். ஆனால் அண்ணனுக்கோ இந்த வாரம் முதல் ஷிப்டு. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறவர் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார். கடைவீதிக்கு வர அவருக்கு நேரமில்லை. "பத்தர் அளவு கேட்கிறார். நீயே ஒரு நூலால் அளந்து சொல்லிவிடேன்" என்கிறார் அம்மா. நீங்களும் நூலும் ஸ்கேலுமாக அண்ணன் முன்னால் போய் நிற்கிறீர்கள்.

மிகச் சிறிய வேலைதான். ஆனால் அளவு தவறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மோதிரம் சிறிதாகிவிட்டால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மணமேடையிலே விரல் மூட்டில் சிக்கி நிற்கும். பெரிதாகிவிட்டால் என்றைக்காவது கை கழுவும்போது கழன்று போகும். வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம்; அதற்குக் கூலி உண்டு, சேதாரமும் உண்டு. சுற்றிலும் கல் பதித்த மோதிரமாயின் அதுவும் எளிதன்று. ஆகவே நூலைக் கீழே வைத்துவிட்டு, நாம் அளக்கப்போகும் பொருள் எத்தகையது என்று முதலில் பார்ப்போம்.

விட்டத்தை அளப்பதா, சுற்றளவை அளப்பதா?

பள்ளி ஆய்வகத்தில் உருளையின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்திருப்பீர்கள். விரலும் உருளைதானே, அதையும் தாடைகளுக்கு இடையில் வைத்து அளந்தால் என்ன என்று தோன்றலாம். செய்து பாருங்கள். உங்கள் மோதிர விரலின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் ஒரு முறையும் மேலும் கீழுமாக ஒரு முறையும் அளந்தால் இரண்டு அளவுகளும் ஒன்றாக இரா. விரலின் குறுக்குவெட்டு வட்டம் அன்று; சற்றே நசுங்கிய வட்டம்.

ஓர் எடுத்துக்காட்டு. பக்கவாட்டில் 18 மி.மீ., மேலும் கீழுமாக 15 மி.மீ. உள்ள விரலை நீள்வட்டம் என்று கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 52 மி.மீ. ஆகும். பக்கவாட்டு அளவை மட்டும் நம்பி அதைப் 'பை'யால், அதாவது 3.14ஆல் பெருக்கினால் 56.5 மி.மீ. வரும். நாலரை மில்லிமீட்டர் பிழை! மோதிரம் விரலில் ஆடும். மோதிரமோ வட்டமாகவே இருக்கும். உள்ளே நுழையும் விரலின் தசைதான் அதற்கேற்ப வடிவம் மாற்றிக்கொள்கிறது. எனவே நமக்கு வேண்டியது சுற்றளவே.

சுற்றளவை அளப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு. விட்டத்தை அளப்பதில் 1 மி.மீ. தவறினால் சுற்றளவில் 3.14 மி.மீ. தவறுகிறோம். சுற்றளவை அளப்பதில் 1 மி.மீ. தவறினாலோ விட்டத்தில் ஏறக்குறைய 0.3 மி.மீ.தான் தவறும். சாதாரண ஸ்கேல் ஒன்றையே கையில் வைத்திருப்பவர் சுற்றி அளப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

மெக்கானிக்குகள் இதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். எஞ்சின் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, பிஸ்டன் ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளால் அளப்பார்கள். சிலிண்டரின் விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்து அகன்றால் அந்த இடைவெளி 0.3 மி.மீ. அகலும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தைப் 'பை' மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது.

நூல் ஏன் வேண்டாம்?

நூலால் அளப்பதில் ஒன்றல்ல, பல கோளாறுகள்.

முதலாவது, நூலின் தடிமன். 1 மி.மீ. தடிமனுள்ள சணல் கயிற்றை விரலில் சுற்றினால், கயிற்றின் நடுக்கோடு விரலின் தோலிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதாவது விரலைவிட 1 மி.மீ. பெரிய விட்டமுள்ள வட்டத்தை அளக்கிறோம். சுற்றளவில் 3.14 மி.மீ. கூடிவிடும். தையல் நூலில் இந்தப் பிழை குறைவு. ஆனால் அது மெல்லியதாகையால் தசைக்குள் அழுந்தி அளவைக் குறைத்துக் காட்டும். போதாததற்கு நூல் நீளும் தன்மையுடையது. விரலில் தளர்வாகச் சுற்றிவிட்டு ஸ்கேலின்மேல் இழுத்துப் பிடித்தால் ஓர் அளவு. விரலில் இறுக்கிச் சுற்றிவிட்டு ஸ்கேலின்மேல் தளர விட்டால் வேறோர் அளவு.

நூல் சாய்ந்து சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பித்தாகரஸ் தேற்றம் விடை தரும். சுற்றளவு 52 மி.மீ., ஒரு சுற்றில் நூல் பக்கவாட்டில் நகர்ந்தது 5 மி.மீ. என்றால், நூலின் நீளம் 52.24 மி.மீ. கால் மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. நாம் பெரிதாக அஞ்சும் பிழை சிறிதாக இருக்கிறது. நினைத்தும் பாராத நூலின் தடிமன் பெரிய பிழையைத் தருகிறது. எந்தப் பிழை பெரியது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

"ஐந்து சுற்றுச் சுற்றி ஐந்தால் வகுத்தால் பிழை குறையாதா, ஐயா?" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்கேலைப் படிப்பதில் வரும் பிழை ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் நூலின் தடிமனால் வரும் பிழை ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு, அதே பக்கமாகச் சேர்வதால் வகுத்த பிறகும் அப்படியே நிற்கும். திரும்பத் திரும்பச் செய்வதால் மறையும் பிழை வேறு, மறையாத பிழை வேறு.

ஆகவே தாளே நல்லது. நோட்டுத் தாளிலிருந்து, செய்யப்போகும் மோதிரத்தின் அகலத்திற்கு ஒரு பட்டையை நேராக வெட்டுங்கள். விரலைச் சுற்றி, தோலைத் தொட்டும் அழுத்தாமலும் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில், கூர்மையான பென்சிலால் இரண்டு அடுக்கிலும் படுமாறு ஒரு கோடு போடுங்கள். பிரித்து, இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும். எனவே சுழியிலிருந்து தொடங்காமல் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கிக் கழித்துக்கொள்வது நல்லது. கண்ணை நேர் மேலே வைத்துப் படிக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாளுக்கும் தடிமன் உண்டே என்கிறீர்களா? 100 தாள்களை அடுக்கி அளந்து 100ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.1 மி.மீ.க்கு மேல் போகாது. அதனால் வரும் பிழை 0.3 மி.மீ. அளவே.

விரல் மாறிக்கொண்டே இருக்கிறது

தொழிற்சாலைகளில் துல்லியமான அளவெடுக்கும் அறையை 20 பாகை செல்சியஸில் குளிரூட்டி வைத்திருப்பார்கள். நீள அளவைக்கான பொது வெப்பநிலையாக 20 பாகையை உலக நாடுகளின் அளவியல் குழு 1931இல் ஏற்றுக்கொண்டது. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் ஒன்று 35 பாகை வெயிலில் கிடந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.009 மி.மீ. கூடிவிடும். நமக்கு அது ஒன்றுமில்லை. பேரிங் பொருத்துகிறவருக்கு அது பெரிய விஷயம்.

தங்கம் எஃகைவிடச் சற்று அதிகமாகவே விரிகிறது. ஆயினும் 52 மி.மீ. சுற்றளவுள்ள மோதிரம் 10 பாகை வெப்பம் கூடினால் 0.007 மி.மீ. அளவே விரியும். அப்படியாயின், மார்கழிக் காலையில் லூசாகச் சுழலும் மோதிரம் சித்திரை மாலையில் இறுகுவது ஏன்? மாறுவது மோதிரம் அன்று, விரல். குளிரில் தோலருகே உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வெயிலில் உடல் வெப்பத்தை வெளியேற்ற அவை விரிகின்றன.

கையைத் தொங்கவிட்டாலும் விரல் தடிக்கும். இதயத்திற்கு 50 செ.மீ. கீழே கை தொங்கினால், அவ்வளவு உயர இரத்தத் தூணின் அழுத்தம் விரலில் கூடுதலாக வந்து சேர்கிறது. இரத்தத்தின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. கணக்கிட்டால் 39 மி.மீ. பாதரச அழுத்தம்! டாக்டர் நமக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையை இதயத்தின் மட்டத்தில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். நாமும் அப்படியே மேசைமேல் கையை வைத்து அளக்க வேண்டும்.

என் விரலையே அளந்தேன். காலையில் எழுந்தவுடன் 58 மி.மீ.; மாலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்து இறங்கிய பின் 59.5. எனவே அண்ணனின் விரலை ஒரே முறை அளந்து முடித்துவிடாதீர்கள். காலை, மாலை, இரவு என்று இரண்டு மூன்று நாள்கள் அளந்து எழுதி வையுங்கள். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அளக்க வேண்டாம். அரை மணி போகட்டும்.

போகும், போகாது

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான் கார் ஆலையும், 2012இல் டைம்லரின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் தொடங்கின. இவற்றைச் சுற்றி உதிரி பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போனவர்களிடம் 'கோ – நோ கோ கேஜ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

தண்டு ஒன்று சரியான விட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மைக்ரோமீட்டரைத் திருகிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் இரண்டு வளையங்களை வைத்திருப்பார்கள். ஒன்றில் தண்டு நுழைய வேண்டும். மற்றொன்றில் நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் தண்டு தேறியது. விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண் அங்கே தேவையே இல்லை.

நகைக் கடையில் ஒரு பெரிய வளையத்தில் சாவிக்கொத்துபோல் கோத்து வைத்திருக்கும் அளவு மோதிரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கருவிதான்! விரலே தண்டு. ஆனால் இந்தத் தண்டின் நடுவில் மூட்டு என்ற தடித்த இடம் ஒன்று இருக்கிறது. மூட்டைக் கடந்து போக வேண்டும். கடந்த பின் தானாகத் திரும்பி வரக் கூடாது. ஆகவே அடிப்பகுதி, மூட்டு இரண்டையும் அளக்க வேண்டும். அடி 52, மூட்டு 56 என்று வந்தால் மோதிரம் இரண்டுக்கும் இடையில் அமையும். சரியாக எது என்பதைக் கணக்கு சொல்லாது. கெட்டி அட்டையில் 53, 54, 55 மி.மீ. உள் சுற்றளவுள்ள மூன்று வளையங்கள் ஒட்டி, அண்ணனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிது திருகினால் மூட்டைக் கடக்கிறது, கையை உதறினால் விழவில்லை என்றால் அதுவே அளவு.

அண்ணன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். எந்திரங்களோடு வேலை செய்கிறவர்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுழலும் பாகத்திலோ கொக்கி போன்ற விளிம்பிலோ மோதிரம் மாட்டினால் விரலின் தோலையும் தசையையும் உரித்துக்கொண்டு போகும். கார் பாட்டரி அருகே வேலை செய்யும்போது ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பாட்டரி முனையையும் கார் உடலையும் இணைத்துவிட்டால், 12 வோல்ட்டுதானே என்று நினைக்கக் கூடாது. தடை மிகக் குறைவாகையால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ஆகவே தினமும் கழற்றிப் போடக்கூடிய மோதிரமே அவருக்கு வேண்டும். இறுக்கமாக இருந்தால், "கழற்ற வரவில்லை, இன்றைக்கு மட்டும்" என்று ஒரு நாள் அதோடு உள்ளே போய்விடுவார்.

என்ன எழுதி அனுப்புவது?

வெறும் 'நம்பர்' மட்டும் எழுதாதீர்கள். நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் எண், பெரும்பாலும் உள் சுற்றளவிலிருந்து 40ஐக் கழித்தால் வருவது, 52 மி.மீ. என்றால் 12. உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 8653 முறையில் அதே மோதிரம் 52. அமெரிக்காவில் அது 6. அங்கே ஓர் எண் கூடினால் விட்டம் 0.8 மி.மீ. கூடுகிறது. இங்கிலாந்திலோ எண்ணே இல்லை, எழுத்துகள். ஓர் எழுத்துக்குச் சுற்றளவில் 1.25 மி.மீ. இதனால் வலைக்கடையில் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவதுண்டு. மில்லிமீட்டருக்கு அந்தக் குழப்பமில்லை.

எனவே இப்படி எழுதுங்கள்: "வலது கை மோதிர விரல். அடி 52, மூட்டு 56. அட்டை வளையம் சரியாக வந்தது: உள் சுற்றளவு 54 மி.மீ., உள் விட்டம் 17.2 மி.மீ. மோதிரப் பட்டையின் அகலம் 4 மி.மீ." எந்தக் கை என்பதை மறக்காதீர்கள். இடக் கை விரலும் வலக் கை விரலும் பலருக்கு ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் கைகளையே அளந்து பார்க்கலாம். பட்டை அகலமாக ஆக விரலை இறுக்கும் பரப்பு கூடும். 4 மி.மீ.க்குச் சரியான அளவு 8 மி.மீ. பட்டைக்கு இறுக்கமாக இருக்கும். அப்படிப்பட்ட மோதிரமானால் அட்டை வளையத்தையும் அதே அகலத்தில் செய்து, ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை வளையத்தையே ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்தரிடம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அவர் அதைத் தம் கோலில் மாட்டிப் பார்த்துக்கொள்வார்.