பழி சுமந்தவர்களை நினைத்தல்

சாகாமம்.

அன்பு மருமகளுக்கு,

சூனியக்காரிகள் என்ற பெயரால் ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகைக்கு எழுத முற்பட்டதாகவும், எங்கோ எப்போதோ மாண்டவர்களை நாம் ஏன் நினைக்கவேண்டும் என்று தோழிகள் வினவியதாகவும் எழுதியிருந்தாய். எங்கோ எப்போதோ நடந்து முடிந்துவிட்ட காரியமன்று அது, மகள்.

அஸ்ஸாமில் கோல்பாரா ஜில்லாவில் பீருபாலா ராபா என்றொரு ஏழைத் தாய் வாழ்ந்தார். 1980களில் அவருடைய மகன் சித்தங் கலங்கி நோயுற்றபோது, மந்திர வைத்தியன் ஒருவன், பிள்ளையை மோகினி பிடித்திருக்கிறது, இன்னும் மூன்றே நாளில் இறந்துவிடுவான் என்று அறுதியிட்டுச் சொன்னான். மூன்று நாள் கழிந்தது, பிள்ளை உயிரோடிருந்தான். மந்திரவாதியின் வாக்கு இவ்வளவுதானா என்று அன்று அத்தாயின் மனத்தில் எழுந்த சந்தேகமே, பிற்காலத்தில், சூனியக்காரி என்று ஊர் கூடிப் பழி சுமத்திய பெண்களின் பக்கத்தில் போய் நிற்கும் தைரியத்தை அவருக்கு அளித்தது. ஊரார் அவரையே விலக்கிவைத்தனர், அவர் ஓயவில்லை. 2015இல் அஸ்ஸாம் சட்டசபை இக்கொடுமைக்கு எதிராகக் கடுஞ்சட்டம் இயற்றியதில் அவர் பிரயத்தனத்துக்குப் பெரும் பங்குண்டு. 2024இல் காலமானார். ஜார்க்கண்டிலோ, அயல்வீட்டுப் பெண்பிள்ளைக்கு நோய் கண்டதற்காக 1995இல் சுட்னி மஹதோ என்ற மாது அவமானப்படுத்தப்பட்டு ஊரைவிட்டே ஓட நேர்ந்தது; அங்கே 2001இல் வந்த சட்டம், ஒருத்தியைச் சூனியக்காரியென்று சுட்டிக் காட்டுபவனுக்கு விதித்த உச்ச தண்டனை மூன்று மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமுமே. ஒரு ஸ்திரீயின் வாழ்வுக்கு இதுவா விலை?

மட்டக்களப்புக்குப் போனவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் நம் கீழ்க்கரை ஜனங்களைப் பற்றிச் சொல்லிவந்ததை நீயும் கேட்டிருப்பாய். ஒரு தேசத்தார் அனைவர்மீதும் சுமத்திய அபவாதம் அது. ஆனால், கூட்டமாகச் சுமக்கும் பழியைப் பொறுத்துக்கொள்ளலாம். தனியொருத்தி சுமப்பதுதான் உயிரைக் குடிக்கும். 2012இல் ஜித்தாக் கடைத்தொகுதியொன்றில் ஒரு சிறுமியை உற்றுப் பார்த்தாள் என்ற முறைப்பாட்டின்பேரில், நம் இலங்கைப் பெண்ணொருத்தி சூனியக் குற்றத்துக்காகக் கைதானாள். குடும்பத்துக்காக அரபு நாட்டுக்குப் போன பெண்கள் நம் ஒழுங்கைகளில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! பத்தினிப் பெண்மீது அவதூறு சொல்பவனிடம் நான்கு சாட்சிகளைக் கேட்பது நம் மார்க்கம். ஒரு பார்வைக்கு எவன் சாட்சி சொல்லக்கூடும்?

நினைவு கூர்வதில் நோர்வேக்காரர் செய்த காரியம் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. வட கோடியிலுள்ள வார்டோத் தீவில், 17ஆம் நூற்றாண்டில் அப்பிரதேசத்தில் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011இல் ஒரு நீண்ட மண்டபம் எழுப்பினார்கள். 77 பேர் பெண்கள், 14 பேர் ஆண்கள். ஆளுக்கொரு சிறு ஜன்னல், ஆளுக்கொரு விளக்கு, அருகே துணியில் அவரவர் பெயரும், வழக்கேட்டிலிருந்து எடுத்த விபரமும். மொத்தத் தொகையைக் கல்லில் வெட்டிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், இன்னாரை இன்ன பொய்யால் கொன்றோம் என்று தனித்தனியே ஒப்புக்கொண்டார்களே, அதைத்தான் நான் நினைவென்பேன்.

ஆகையால் உன் கட்டுரையிலும் எண்ணிக்கையைக் குறைத்துப் பெயர்களைச் சொல். பீருபாலாவை முதலில் வை. ஐரோப்பா பின்னால் வரட்டும். எழுதி முடித்ததும் எனக்கொரு பிரதி அனுப்பு. உம்மாவுக்கு என் சலாம்.

உன் மாமா