ஓர் இனிப்பும் சில ஆய்வுச் சொற்களும்



"சிறுவயதில் பொறுமையாகக் காத்திருக்கும் பிள்ளைதான் பின்னாளில் முன்னுக்கு வரும். இது ஆய்வில் நிரூபணமான உண்மை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை நம்பி, துறுதுறுப்பான பிள்ளையை "இவன் தேறமாட்டான்" என்று முத்திரை குத்திவிடுவோரும் உண்டு. அந்த ஆய்வில் நடந்தது என்ன? உளவியல் மாணவர்கள் முதலில் கற்கும் சில சொற்களைக் கொண்டு அதைப் பிரித்துப் பார்ப்போம்.

மாறி

1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் இந்த ஆய்வைத் தொடங்கினார். குழந்தையின் முன்னால் ஓர் இனிப்பு வைக்கப்படும். உடனே சாப்பிட்டால் ஒன்றுதான். ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும்.

ஆளுக்கு ஆள் மாறுபடுவதும் அளக்கக்கூடியதுமான எதையும் 'மாறி' என்பார்கள். பொறுமையைத் தராசில் நிறுக்க முடியாது. எனவே குழந்தை காத்திருந்த நிமிடங்களை அளந்தார்கள். நாம் அளந்தது பொறுமையைத்தானா, வேறு எதையாவதா என்று சோதிப்பது 'ஏற்புடைமை' பற்றிய கேள்வி. இதை நினைவில் வையுங்கள்.

ஒட்டுறவு

அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 1990இல் அறிக்கை வந்தது. ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடுவது, அல்லது ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவது 'ஒட்டுறவு'. இதன் அளவு -1 முதல் +1 வரை இருக்கும். இந்த ஆய்வில் மொழிப் பகுதிக்கு 0.42, கணக்குக்கு 0.57.

ஆனால் ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. குடை விற்பனை கூடும் மாதத்தில் சளித் தொல்லையும் கூடுகிறது. குடையா சளியைக் கொண்டுவந்தது? இரண்டுக்கும் பின்னால் மழைக்காலம் இருக்கிறது. இப்படி மறைந்து நிற்கும் மூன்றாவது மாறியைத் தேட வேண்டும்.

மாதிரி

குழம்பில் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்க்கிறோம். அந்தக் கரண்டிதான் 'மாதிரி'. சட்டி முழுவதும் 'முழுமைத் தொகுதி'. கிளறாமல் மேலாக எடுத்தால் ருசி சரியாகத் தெரியாது. மேற்சொன்ன எண்கள் 35 பிள்ளைகளிடமிருந்து மட்டும் கிடைத்தவை. அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து இதை மீண்டும் சோதித்தார்கள். இதற்கு 'மறுஆய்வு' என்று பெயர். காத்திருப்புக்கும் 15 வயதுப் படிப்புத் திறனுக்கும் இருந்த தொடர்பு, முந்தையதில் ஏறத்தாழப் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், இளவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

சோதனை

காரணத்தை அறியச் சோதனை வேண்டும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனை 2013இல் வெளியானது. சீட்டுக் குலுக்குவது போல யாருக்கும் சம வாய்ப்புத் தந்து பிரிப்பது 'சமவாய்ப்பு முறை'. அப்போதுதான் எல்லாவிதப் பிள்ளைகளும் இரு பக்கமும் கலந்திருக்க வழியுண்டு.

"படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன்" என்று இரு குழுவுக்கும் வாக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னபடியே வந்தது. மற்றக் குழுவிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, "இல்லையாம்" என்றார்கள். பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காக்கப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான்.

இங்கே வாக்கைக் காத்ததும் தவறியதும் ஆய்வாளர் மாற்றிய 'சாரா மாறி'. காத்திருந்த நேரம் அதன் விளைவான 'சார்ந்த மாறி'.

இப்போது ஏற்புடைமைக்கு வருவோம். அந்த நிமிடங்கள் காட்டியது பொறுமையை மட்டுமல்ல, பெரியவர் சொல்லின்மேல் பிள்ளை வைத்த நம்பிக்கையையும்தான். சொன்ன பொருள் வந்து சேராத வீட்டில் வளரும் பிள்ளை, கையில் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம்.

இதிலும் எச்சரிக்கை தேவை. 28 என்பது சிறிய மாதிரி. சராசரி என்பது ஒவ்வொரு பிள்ளையின் கணக்கும் அல்ல: ஏமாந்த குழுவிலும் ஒரு குழந்தை 15 நிமிடமும் காத்திருந்தது. ஆகவே ஓர் எண்ணை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள். பிள்ளையிடம் சொன்ன சொல்லைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

வீட்டுப் பயிற்சி

"எங்கள் மையத்தில் படித்த 20 பேரில் 18 பேர் முதல் வகுப்பு" என்று ஒரு துண்டறிக்கை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்: அந்த 20 பேர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? இடையில் நின்றவர்கள் கணக்கில் உண்டா? அங்கே போகாமலே இதே மதிப்பெண் வாங்கியிருப்பார்களா?